நடுவில் சிஸ்டர் இல்லாத நாள்

நீங்கள் கொடுத்துவிட்டுப் போன கேள்வித்தாளை முழுவதும் படித்தேன். மருத்துவம், நர்சிங், பார்மசி என்று பல படிப்பு மாணவர்களிடம் கொடுத்து, மற்றப் பிரிவினரோடு சேர்ந்து வேலை செய்வது பற்றி அவர்கள் மனதில் என்ன இருக்கிறது என்று அளக்கப் போகிறீர்கள். நல்ல காரியம். நானும் பணிக்காலம் பூராவும் அதைத்தான் பார்த்தேன். ஆனால் முதல் வரியிலேயே எனக்குச் சுருக்கென்று கோபம் ஏறிவிட்டது. பெயர், பதிவு எண், கைபேசி எண். மூன்றுக்கும் பக்கத்தில் நட்சத்திரக் குறி. கைபேசியில் நிரப்பும்போது இவற்றை விட்டால் அடுத்த பக்கம் திறக்காதாம். இது யாருடைய யோசனை? வேண்டாம், சொல்லாதீர்கள். எல்லா ஆபீசிலும் இப்படி யோசிக்க ஒருவர் இருந்துகொண்டேதான் இருக்கிறார்.

இந்த ஒரு வரியால் ஒரு பெண்ணின் படிப்பு போகப் பார்த்தது. அதைச் சொல்கிறேன். கேட்டுவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

கள்ளக்குறிச்சி அப்போது தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தது. இட ஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்த வருடங்கள். படிப்பிலும் வேலையிலும் எங்களுக்கும் பங்கு கொடு என்று ஊர் ஊராக ஜனங்கள் ரோட்டுக்கு வந்தார்கள். சாலையோரத்துப் புளிய மரங்கள் குறுக்கே விழுந்து கிடக்கும். சங்கராபுரம் போன பஸ் திரும்பி வருமா என்று கண்டக்டருக்கே தெரியாது. ஒரு சீட்டு என்றால் என்ன என்பது அப்போது அந்தப் பக்கத்து ஜனங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதாக இல்லை.

நான் ஒரு கிராம சுகாதாரப் பயிற்சி மையத்தில் வேலை பார்த்தேன். டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை, புள்ளியியல் படித்தவள். 'புள்ளிவிவரம்மா' என்று கூப்பிடுவார்கள். முதுகுக்குப் பின்னால் வேறு பெயரும் இருந்திருக்கும், எனக்கு வாய் கொஞ்சம் நீளம். மருத்துவப் படிப்பு முடித்துப் பயிற்சியில் இருக்கும் ஹவுஸ் சர்ஜன்களும், நர்சிங் பள்ளி மாணவிகளும் சில வாரங்கள் எங்களிடம் வந்து தங்கி, கிராமத்து ஆஸ்பத்திரி வேலை பழகிக்கொண்டு போவார்கள். அவர்கள் ஒருவரோடு ஒருவர் எப்படி ஒத்துப் போகிறார்கள் என்று கேள்வித்தாள் வைத்து அளந்து சொல்வது என் வேலை.

கேள்வித்தாளைத் தயார் செய்து மையத்தின் டைரக்டரிடம் கொண்டுபோனேன். பெயர் கேட்கும் வரி அதில் இல்லை. அவர் பேனாவை எடுத்து மேலே எழுதிச் சேர்த்தார்.

"பேர் இல்லாம எப்படிம்மா? மொட்டைக் கடுதாசி மாதிரி இருக்குமே."

"பேர் கேட்டா உண்மையைச் சொல்ல மாட்டாங்க சார்."

"உண்மையா இருக்கறவங்களுக்குப் பேர் போட இன்னா பயம்?"

அதற்கு மேல் அந்த ரூமில் பேச்சு கிடையாது. வரி நின்றது.

கேள்வித்தாள் கொடுத்த அன்று ஹாலில் முன்வரிசையில் நாற்காலி, பின்னால் பெஞ்சு. நாற்காலி யாருக்கு, பெஞ்சு யாருக்கு என்று எங்கும் எழுதி வைக்கவில்லை, எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நர்சிங் மாணவிகள் பெஞ்சுக்கு முன்னால் நின்றுகொண்டே இருந்தார்கள். உட்காருங்களேன் என்றேன். "டாக்டருங்க இன்னும் உக்காரலைங்க மேடம்" என்றாள் ஒருத்தி. ஹவுஸ் சர்ஜன்கள் வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் வந்து உட்கார்ந்த பிறகுதான் இவர்கள் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்து, 'எல்லாப் பிரிவினரும் சமம் என்று கருதுகிறேன்' என்ற வரிக்கு எதிரில், 'முழுமையாக உடன்படுகிறேன்' கட்டத்தில் ஒழுங்காக டிக் போட்டார்கள். மாணவிகளோடு வந்திருந்த நர்சிங் டியூட்டர் பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து ஒவ்வொரு தாளையும் எட்டிப் பார்த்துக்கொண்டே போனார். எட்டிப் பார்க்காதீர்கள் என்று சொன்னேன். "எம் புள்ளைங்கம்மா, தப்பாப் போட்டுடப் போவுதுங்க" என்றார். மனதில் இருப்பதைத் தப்பாகப் போட முடியுமா? எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

உட்காருங்களேன் என்றதற்குப் பதில் சொன்னவள் பெயர் செங்கமலம். நைனார்பாளையத்துப் பெண். அப்பா அடுத்தவர் நிலத்தைக் குத்தகைக்கு உழுகிறவர். அந்தக் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் படிக்க வந்த முதல் ஆள் அவள்தான். முதல் வருடத்தில் வார்டில் ரவுண்ட்ஸ் வந்த பெரிய டாக்டரிடம், "சார், இவருக்கு ராத்திரியெல்லாம் காய்ச்சல் சார்" என்று தானாகச் சொல்லிவிட்டாளாம். அதற்காக வார்டுக்கு வெளியே நிற்க வைத்து, மன்னிப்புக் கடிதமும் எழுதி வாங்கியிருந்தார்கள். வழக்கம் அப்படி. மாணவி பார்த்ததை சிஸ்டரிடம் சொல்ல வேண்டும். சிஸ்டர் டாக்டரிடம் சொல்வார். டாக்டர் கேட்டால் தவிர மாணவி டாக்டரிடம் வாய் திறக்கக் கூடாது. ட்ரேயைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

கேள்வித்தாள் முடிந்து சில நாட்களில் செங்கமலத்தை மலை மேல் போட்டார்கள். கரியாலூரைத் தாண்டி எங்கள் மையத்துக்கு ஒரு சின்னக் கிளை இருந்தது. இரண்டு அறை, ஒரு வராந்தா. அங்கே ஒரு சிஸ்டர், முரளி என்று ஒரு ஹவுஸ் சர்ஜன், இவள். முரளி மெட்ராஸ் பையன். கெட்டவன் இல்லை, திமிர் பிடித்தவனும் இல்லை. மலைக்காரர்களிடம் மரியாதையாகத்தான் பேசுவான். இதை ஏன் சொல்கிறேன் என்றால், நடந்தது ஒரு கெட்டவனால் நடந்தது என்று நினைத்து நீங்கள் நிம்மதியாகப் போய்விடக் கூடாது.

அந்த வாரம் மருந்து வாங்கி வர சிஸ்டர் கள்ளக்குறிச்சிக்குக் கீழே இறங்கியிருந்தார். இறங்கிய மறுநாள் மறியல். ரோட்டில் மரம் விழுந்துவிட்டது. அவரால் மேலே வர முடியவில்லை. மறியலுக்கு முதல் நாள் மாலைதான் நான் ஜீப்பில் மலைக்கு வந்து சேர்ந்திருந்தேன், மாணவர்கள் வேலை செய்வதை நேரில் பார்த்துக் குறிப்பெடுக்க. நானும் மேலேயே மாட்டிக்கொண்டேன்.

சாமைக் கதிர் முற்றியிருந்த நேரம். மறியல் அன்று காலை வெயில் ஏறும்போது மலைக் கிராமம் ஒன்றிலிருந்து பொன்னி என்ற பெண்ணை டோலி கட்டித் தூக்கி வந்தார்கள். தலைப் பிரசவம், வலி முற்றிவிட்டது. செங்கமலம் அவளைக் கட்டிலில் படுக்க வைத்தாள். கூட வந்த புருஷன், "நேத்துலேருந்து தல வலிக்குதுன்னு சொல்லிக்கினே இருந்திச்சுங்க" என்றான். உடனே அவள் பிரஷர் பார்த்தாள். ரொம்ப ஜாஸ்தி. அதை அட்டையில் எழுதிக் கட்டில் காலில் மாட்டினாள். செய்ய வேண்டியதையெல்லாம் முறைப்படி செய்தாள். அடுத்து சிஸ்டரிடம் சொல்ல வேண்டும். சிஸ்டர் இல்லை.

முரளி வந்தான். வந்த வேகத்தில் குழந்தை பிறந்துவிட்டது. பிறந்த குழந்தை அழவில்லை. அவன் முழுக் கவனமும் குழந்தை மேல் போயிற்று. துடைத்து, தட்டி, வாயில் இருந்ததை உறிஞ்சி எடுத்து, கடைசியில் அது கத்தியபோது அவன் கண்ணில் தண்ணீர். நானும் அழுதேன். பிறகு அவன் தாய்ப் பக்கம் திரும்பி, "மெத்தர்ஜின் குடும்மா" என்றான். பிரசவத்துக்குப் பிறகு ரத்தப் போக்கு நிற்க வழக்கமாகப் போடுகிற ஊசி. பிரஷர் ஏறி இருக்கிற தாய்க்கு அதைப் போடக் கூடாது. அது முரளிக்கும் தெரியும், செங்கமலத்துக்கும் தெரியும். பிரஷர் ஏறியிருப்பது மட்டும் அவளுக்குத்தான் தெரியும்.

அவள் ஊசியை ஏற்றி ட்ரேயில் வைத்தாள். ட்ரேயை அவனிடம் நீட்டாமல் பிடித்துக்கொண்டு கதவையே பார்த்தாள். ஏன் கதவைப் பார்க்கிறாள் என்று எனக்கு அப்போது புரியவில்லை. யாரோ வருகிறார்கள் போலிருக்கிறது என்று நானும் திரும்பிப் பார்த்தேன். யாரும் வரவில்லை. "குடும்மா, சீக்கிரம்" என்றான் முரளி. நீட்டினாள். போட்டான்.

கொஞ்ச நேரத்தில் பொன்னி தலையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு கை கால் இழுத்துக்கொண்டு வலிப்பு வந்தது. முரளி அட்டையைப் பிடுங்கிப் பார்த்தான். பார்த்து, செங்கமலத்தை ஒரு பார்வை பார்த்தான். திட்டவில்லை. திட்ட நேரமும் இல்லை. இருந்த மருந்தைக் கொடுத்து வலிப்பை அடக்கி, ஜீப்பில் படுக்க வைத்துக் கீழே இறங்கினோம். குழந்தை என் மடியில். பொன்னி வாயில் வழிவதைத் துடைத்துக்கொண்டு, அவள் நாக்கைக் கடித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டு வழி முழுவதும் செங்கமலம் குனிந்தே இருந்தாள்.

அடிவாரத்தில் ரோட்டுக்குக் குறுக்கே புளிய மரம். சுற்றிலும் கூட்டம். ஒரு ஆள் கையைக் காட்டி ஜீப்பை நிறுத்தினார்.

"இன்னாம்மா, இன்னிக்கு வண்டி ஓடாதுன்னு தெரியாதா?"

"பிரசவமாயி வலிப்பு வந்திருக்குப்பா. உயிர் போற நெலம" என்றேன்.

அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். குழந்தையையும் பார்த்தார். திரும்பி நின்று குரல் கொடுத்தார்.

"டேய், கயிறு எடுத்தா. ஆம்பளைங்க எல்லாம் இந்தாண்ட வாங்க. ஜல்தி."

ஒருவன் வேர்ப் பக்கம் இருந்து, "அண்ணே, இந்தாண்ட இழுத்தா கிளை மாட்டும், அந்தாண்ட தள்ளுங்க" என்று கத்தினான். அண்ணன் உடனே அந்தப் பக்கம் தள்ளச் சொன்னார். நீ யார்டா எனக்குச் சொல்ல என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. மரம் நகர்ந்தது, நாங்கள் போனோம். பின்னால் மறுபடியும் மரத்தை இழுத்துப் போடுகிற சத்தம் கேட்டது.

பொன்னி பிழைத்தாள். பல நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து, குழந்தையோடு மலைக்குத் திரும்பினாள். நீங்கள் இதோடு கதை முடிந்தது என்று நினைப்பீர்கள். எங்கள் ஆபீசில் அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தார்கள்.

விசாரணை வைத்தார்கள். யார் மேல்? செங்கமலத்தின் மேல். பிரஷர் ஜாஸ்தி என்று தெரிந்தும் டாக்டரிடம் சொல்லாமல் ஊசியை எடுத்துக் கொடுத்தாள், அவளைப் படிப்பிலிருந்து நீக்கலாமா என்று விசாரணை. கேள்வித்தாள் கட்டை எடுத்துக்கொண்டு வரச் சொல்லி எனக்கும் ஆள் அனுப்பினார்கள். ஏன் என்று தெரியாமலே எடுத்துக்கொண்டு போனேன்.

மேசைக்குப் பின்னால் டைரக்டர். பக்கத்து நாற்காலியில் டியூட்டர். எதிரில் ஒரு நாற்காலியில் முரளி, ஒன்றில் நான். செங்கமலம் கதவோரம் நின்றாள். டைரக்டர் என் கட்டிலிருந்து அவள் பெயர் போட்ட தாளைத் தேடி எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்கப் படித்தார்.

"'என் கருத்தை மற்றப் பிரிவினரிடம் தயக்கமின்றி நேரடியாகச் சொல்வேன். முழுமையாக உடன்படுகிறேன்.' அவளே டிக் போட்டு, அவ கையாலயே பேரும் எழுதியிருக்கா. பயமில்லன்னு சொன்ன பொண்ணு ஏன் சொல்லல? அப்போ இது அலட்சியம்தானே?"

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. துணியை அளக்கக் கொடுத்த கோலை எடுத்து ஒரு பெண்ணை அடிக்கிறார் இந்த மனிதர். அதுவும் எந்த நாளில்? வெளியே ஜனங்கள் ஒரு சீட்டுக்காக ரோட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். உள்ளே, கிடைத்த சீட்டை ஒரு டிக்கைக் காட்டிப் பிடுங்குகிறார்கள்.

அந்தக் கட்டிலேயே முரளியின் தாளும் இருந்தது. 'நர்சிங் மாணவிகளின் கருத்தைக் கேட்ட பிறகே முடிவெடுப்பேன்' என்ற வரிக்கு அவன் எதில் டிக் போட்டிருந்தான் என்று எனக்குத் தெரியும். அதே கட்டம்தான். எடுத்து மேசையில் போட்டால் போதும், டைரக்டர் வாய் மூடிவிடும். முரளியும் என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். என் விரல் அந்தத் தாளின் ஓரம் வரைக்கும் போய்விட்டது. ஆனால் அவனிடமும் நான்தான், இது ஆராய்ச்சிக்கு மட்டும்தான் என்று சொல்லி வாங்கியிருந்தேன். எடுத்துக் காட்டினால் அப்புறம் டைரக்டருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? செங்கமலத்தைப் பார்த்தால் வயிறு எரிகிறது. தாளைப் பார்த்தால் கை வரவில்லை. கட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டேன். அவள் படிப்பை நானே பறிகொடுத்துவிட்டேனோ என்று அந்த நிமிஷம் பயந்தேன்.

"ஏன் சொல்லலன்னு அந்தப் பொண்ணைக் கேளுங்க" என்றார் டைரக்டர், டியூட்டரிடம்.

டியூட்டர் கதவுப் பக்கம் திரும்பினார். "ஏண்டி சொல்லல? சார் கேக்குறாரு."

செங்கமலம் டியூட்டரைப் பார்த்துச் சொன்னாள். "சிஸ்டர் வந்ததும் சொல்லலாம்னு இருந்தேங்க."

டியூட்டர் இந்தப் பக்கம் திரும்பினார். "சிஸ்டர் வந்ததும் சொல்லலாம்னு இருந்தாளாம் சார்."

"சிஸ்டர்தான் கீழ மாட்டிக்கிட்டாங்களே. வர மாட்டாங்கன்னு அவளுக்குத் தெரியாதான்னு கேளுங்க."

சின்ன ரூம். டைரக்டர் மூச்சு விடுவது கதவு வரைக்கும் கேட்கும். டியூட்டர் மறுபடியும் கதவுப் பக்கம் திரும்பி வாயைத் திறப்பதற்குள் செங்கமலம் ஓரடி முன்னால் வந்தாள். டைரக்டரை நேராகப் பார்த்தாள்.

"தெரியும் சார். ஊசி ஏத்தும்போது சொல்லணும்னு வாய் வரைக்கும் வந்திச்சு சார். மொத வருசம் ஒரு தபா சொன்னதுக்கு வெளிய நிக்க வெச்சு..."

"ஏய்" என்றார் டியூட்டர். "சார்கிட்ட நேரா பேசாத. எங்கிட்ட சொல்லு."

நான் எழுந்துவிட்டேன்.

"சார், இப்ப டியூட்டர் சொன்னாங்களே, அத அப்படியே எழுதிக்கலாமா?"

"எத?"

"நேரா பேசாதன்னு சொன்னத. ஏன் நேரா சொல்லலன்னுதானே விசாரணை? இப்ப நேரா சொன்னா. சொல்லாதன்னுட்டாங்க. இதுக்கு மேல இன்னா சார் விசாரிக்கணும்?"

டைரக்டர் என்னைப் பார்த்தார். டியூட்டர் புடவைத் தலைப்பைச் சரி செய்துகொண்டார். அப்போது முரளி நாற்காலியிலிருந்து எழுந்தான்.

"சார், பிரஷர் எவ்வளவுன்னு நான் கேக்கல. அட்டை கட்டில் கால்லதான் தொங்கிச்சு. நான் பாக்கல. அவங்கள அனுப்பறதா இருந்தா என்னையும் அனுப்பிடுங்க."

ஒரு ஹவுஸ் சர்ஜனை அனுப்ப அவருக்குத் துணிச்சல் ஏது? எங்களை வெளியே போகச் சொன்னார். சாயங்காலம் உத்தரவு வந்தது. 'இளவயதைக் கருதி மாணவி மன்னிக்கப்படுகிறார்.' மன்னிக்கிறார்களாம். முறைப்படி பிரஷர் பார்த்து, முறைப்படி எழுதி, இவர்கள் கற்றுக் கொடுத்த மாதிரியே வாய் மூடி நின்றதற்கு மன்னிப்பு. வாயை மூடக் கற்றுக் கொடுத்தவர்களை யார் மன்னித்தது? அந்த வார்த்தையை எடுக்கச் சொல்லி டைரக்டர் ரூமுக்குப் போய்ச் சண்டை போட்டேன். எடுக்கவில்லை. அந்த வருடத்து அறிக்கையில், மாணவர்களின் கூட்டு வேலை மனப்பான்மை மிகச் சிறப்பாக உள்ளது என்று எழுதி மேலே அனுப்பினார்கள். நான் கையெழுத்துப் போட மறுத்தேன். என் கையெழுத்து இல்லாமலே போயிற்று, மேலே யாரும் அதைக் கேட்கவும் இல்லை. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஆறவில்லை.

உத்தரவு வந்த அன்று கேட்டுக்கு வெளியே செங்கமலத்தின் அப்பா நின்றிருந்தார். பஸ் இல்லாததால் சைக்கிளிலேயே வந்திருந்தார். என்னைப் பார்த்ததும் துண்டைத் தோளிலிருந்து எடுத்தார். "பொண்ணுக்குப் படிப்பு இருக்குதுங்களா?" என்றார். இருக்கிறது என்றேன். துண்டை மறுபடியும் தோளில் போட்டுக்கொண்டார்.

செங்கமலம் உள்ளேயிருந்து வந்தாள். முகம் கழுவியிருந்தாள். எனக்குக் கோபம் அடங்கவில்லை. அந்த வார்த்தையை விடமாட்டேன், மேலே எழுதிப் போடுகிறேன் என்றேன்.

"வுடுங்க மேடம். சீட்டு இருக்குதுல்ல."

"சரி, ஒண்ணு கேக்குறேன், நெஜமாச் சொல்லு. இனிமே நேரா சொல்லுவியா?"

"சொல்லுவேங்க. வெளிய நிக்க வெச்சாலும் பரவால்ல. பொன்னி இழுத்துக்கினு கெடந்ததப் பாத்தேன்ல."

இவ்வளவு நடந்த பிறகாவது ஒரு உண்மையான பதில் கிடைக்கட்டும் என்று ஆசை. இத்தனை பேரை அளந்தும் கையில் ஒன்றும் கிடைக்கவில்லையே என்ற எரிச்சலும்தான்.

"அதே கேள்வித்தாள இப்ப மறுபடியும் குடுத்தா, அந்த வரிக்கு எதுல டிக் போடுவ?"

அவள் என்னையே பார்த்தாள். யோசித்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"பேரு எழுதணுங்களா மேடம்?"

அந்த நட்சத்திரக் குறியை எடுத்துவிட்டு வாருங்கள். மற்ற கேள்விகளைப் பற்றிப் பிறகு பேசலாம்.